கண்ணுக்குத் தெரியும் வயிறு: ஒரு தடையின் வரலாறு

2015 ஏப்ரலில் சியரா லியோனில் பள்ளிக்கூடங்கள் திறக்கப்பட்டன. எபோலா வந்து எட்டொன்பது மாதம் பூட்டிக் கிடந்தவை. திறப்பதற்குச் சில நாட்கள் முன்னால் கல்வி அமைச்சகம் ஒரு அறிவிப்பை வெளியிட்டது. கண்ணுக்குத் தெரியும்படி கர்ப்பமாக இருக்கும் மாணவிகள் வகுப்புக்கு வரக்கூடாது, பொதுத்தேர்வும் எழுதக்கூடாது. வந்தால் மற்ற 'அப்பாவி'ப் பெண்கள் கெட்டுப்போவார்களாம். எழுதப்படாத வழக்கமாக முன்பே இருந்ததுதான். இப்போது அரசு அதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது.

'கண்ணுக்குத் தெரியும்படி' என்ற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒழுக்கம்தான் பிரச்சினை என்றால் மூன்றாம் மாதமும் எட்டாம் மாதமும் ஒன்றுதானே? இல்லை, தெரியாத வரை பரவாயில்லை என்கிறது ஆணை. ஆக, தடை செய்யப்பட்டது கர்ப்பம் அல்ல, வயிறு. அதுவும் பிறர் பார்வையில் படுகிற வயிறு. பார்வைதான் அளவுகோல் என்று ஆனபின் பார்ப்பதற்கு ஆள் வேண்டும். 2015 நவம்பரில் ஆம்னெஸ்டி அமைப்பு வெளியிட்ட அறிக்கையில் அந்த ஆட்கள் வருகிறார்கள். மாணவிகளின் மார்பையும் வயிற்றையும் தொட்டு அமுக்கிப் பார்த்திருக்கிறார்கள், சில இடங்களில் சிறுநீர்ச் சோதனையும் நடத்தியிருக்கிறார்கள். கணக்குத் தேர்வு எழுத வந்தவளின் ஹால் டிக்கெட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் உடம்பைச் சரிபார்க்கிறது அதிகாரம். கண்காணிப்பு, ஒழுங்குபடுத்தல் என்று நாம் பக்கம் பக்கமாக எழுதித் தீர்த்த சொல்லாடல்களையெல்லாம் அந்தப் பெண்கள் படிக்கவில்லை. ஃபூக்கோவின் பெயரும் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் விஷயம் தெரியும்.

பள்ளி மூடிக்கிடந்த அந்த மாதங்களில் என்ன நடந்தது? நோய்த் தடுப்புக்காக வீடுகளையும் ஊர்களையும் அடைத்துவைத்தார்கள். சந்தை இல்லை, வருமானம் இல்லை. பெற்றோரை எபோலாவுக்குப் பறிகொடுத்த பெண்பிள்ளைகள் தம்பி தங்கைகளுக்குச் சோறு போட வேண்டியிருந்தது. உணவுக்காக உடலைக் கொடுக்க நேர்ந்தது, வன்புணர்ச்சி நடந்தது. மருத்துவமனைகளோ எபோலாவைத் தவிர வேறு எதையும் கவனிக்கும் நிலையில் இல்லை. அதாவது அரசு தன் கடமையிலிருந்து விலகிய இடத்தில்தான் இந்தக் கர்ப்பங்கள் நிகழ்ந்தன. நோய் தணிந்ததும் அதே அரசு திரும்பி வந்து, எபோலாவுக்குப் பயன்படுத்திய மொழியை அந்தப் பெண்கள் மீது திருப்பியது. தொற்று, பரவல், தனிமைப்படுத்தல். கிருமியின் இடத்தில் இப்போது பதினைந்து வயசுப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். கர்ப்பத்துக்குக் காரணமான ஆண்? அவன் மாணவன் என்றால் அடுத்த பெஞ்சில் பாடம் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவனுக்கு வயிறு தெரியாது.

சியரா லியோனின் பெண்கல்வி வரலாறு நமக்கு அவ்வளவு தூரத்து விஷயமும் இல்லை. அதன் தலைநகர் ஃப்ரீடவுனில் உள்ள ஆனி வால்ஷ் நினைவுப் பள்ளி 1849இல் சி.எம்.எஸ். மிஷன் தொடங்கியது. நம்ம பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரியும் அதே சி.எம்.எஸ். வித்துதான். ஆப்பிரிக்காவுக்கு மிஷனரியாகப் போக ஆசைப்பட்டு இளம்வயதில் இறந்த ஒரு பெண்ணின் பெயர் அங்கே. இந்தியாவுக்கு வராமலே இந்தியப் பெண்களின் கல்விக்காக உழைத்த ஒரு பெண்ணின் பெயர் இங்கே. இரண்டு இடத்திலும் அடைத்துக் கிடந்த கதவை இந்தப் பள்ளிகள்தான் திறந்தன. அதை மறுப்பது நன்றிகெட்டதனம். ஆனால் கதவோடு சேர்த்து ஒரு பிம்பத்தையும் கொண்டுவந்தார்கள்: படிக்கும் பெண் என்றால் கன்னி, தாய் என்றால் படிப்பை முடித்தவள். இரண்டும் ஒரே உடலில் இருக்க முடியும் என்பதை அந்தப் பள்ளிக்கூடக் கற்பனை ஏற்கவில்லை. தடையை மிஷனரிகள் எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. 2015 ஆணையைப் பிறப்பித்தது சுதந்திர நாட்டின் அரசு. பிம்பத்துக்கு வயசாகவில்லை, அவ்வளவுதான்.

'ஆப்பிரிக்கான்னா அப்படித்தான் தோழர்' என்று தலையாட்டப் போகிற நண்பருக்காக அமெரிக்காவுக்குப் போக வேண்டியிருக்கிறது. 1969இல் மிசிசிப்பி மாநிலத்தில் கிரனடா என்ற ஊரில், திருமணமாகாத தாய்மார்களை உயர்நிலைப் பள்ளியில் சேர்க்க முடியாது என்றது பள்ளி நிர்வாகம். மூன்று வருஷம் முன்புதான், 1966இல், அதே ஊரில் வெள்ளையர் பள்ளிக்குப் படிக்கப் போன கறுப்பினப் பிள்ளைகளை வெள்ளைக் கும்பல் அடித்து நொறுக்கியது என்பதையும் நினைவில் வையுங்கள். அந்தத் தாய்மார்களுக்குச் சாதகமாகத்தான் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் ஒரு வால் வைத்தது. முறையான விசாரணையில், அவள் ஒழுக்கம் மற்ற மாணவர்களின் கல்வியைக் கறைப்படுத்தும் அளவுக்குக் கெட்டது என்று தெரியவந்தால் விலக்கலாமாம். தொற்று என்ற கருத்து நீதிபதியின் பேனாவுக்குள்ளும் இருந்தது.

1971இல் மாசசூசெட்ஸில் கடைசி வகுப்பு மாணவி ஒருத்தி கர்ப்பமானபோது பள்ளி நாகரிகமாக நடந்துகொண்டது. வீட்டில் இருந்து படிக்கலாம், டியூஷன் இலவசம், தேர்வும் எழுதலாம், பள்ளி விட்டபின் வந்து ஆசிரியர்களைப் பார்க்கலாம். பள்ளி நேரத்தில் மட்டும் வரக்கூடாது. என்ன குறை இதில், என்று கேட்கத் தோன்றும். குறை அந்த நேரத்தில்தான் இருக்கிறது. நீதிமன்றம் அவளை வகுப்புக்குத் திரும்ப அனுப்பியது. 1972இல் டைட்டில் நைன் சட்டம் வந்தது. 1975இல் அதன் விதிகளில், கர்ப்பத்தைக் காரணம் காட்டி மாணவியை விலக்கக் கூடாது, தனி ஏற்பாடு இருந்தால் அது அவள் விரும்பித் தேர்ந்ததாகவும் மற்றவர்களுக்குக் கிடைப்பதற்கு இணையானதாகவும் இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். அவள் விரும்பி என்ற சொல்லுக்காக எத்தனை பேர் கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது!

போட்ஸ்வானாவில் நடந்தது எனக்கு மிகவும் பிடித்த வழக்கு. மொலெபொலொலே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஒரு விதி இருந்தது. கர்ப்பமானால் மாணவி உடனே நிர்வாகத்திடம் தெரிவிக்க வேண்டும், கல்லூரியை விட்டு விலகி நிற்க வேண்டும், இரண்டாம் முறை என்றால் படிப்பே போய்விடும். இதை எதிர்த்து வழக்குப் போட்டது பாதிக்கப்பட்ட தனி ஒருத்தி அல்ல, மாணவர் பேரவை. பையன்களும் சேர்ந்த பேரவை. 1995இல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த விதி தாயின் நலனுக்கானது அல்ல, தண்டிப்பதற்கானது என்று கண்டு செல்லாது என்றது. நம் மாணவர் அமைப்புகள் இப்படி ஒரு வழக்கை எப்போதாவது நினைத்தாவது பார்த்ததுண்டா?

ஜிம்பாப்வேயில் மோர்கன்ஸ்டர் என்ற சர்ச் கல்லூரியிலும் இதே கதை, ஒரு திருப்பத்தோடு. வெளியே அனுப்பப்பட்டவள் திருமணமானவள். 1999இல் உயர்நீதிமன்றத்திலும் 2001இல் உச்சநீதிமன்றத்திலும் அவளே வென்றாள். தாலி கட்டியவளையும் வெளியே தள்ளுகிறார்கள் என்றால் 'ஒழுக்கம்' என்ற காரணம் அங்கேயே உதிர்ந்துவிடுகிறது. மிச்சம் இருப்பது வயிறுதான்.

தான்சானியா இதற்கு நேர் எதிராகப் போனது. ஒழுக்கக்கேட்டுக்காக மாணவரை நீக்கலாம் என்ற 2002ஆம் ஆண்டு விதிக்குள் கர்ப்பத்தையும் அடைத்தார்கள். 2017 ஜூனில் ஜனாதிபதி மகுஃபுலி, தான் பதவியில் இருக்கும்வரை கர்ப்பமான எந்த மாணவியும் பள்ளிக்குத் திரும்ப முடியாது என்று மேடையில் முழங்கினார். முழங்கியபடியே நடந்தது. 2021 மார்ச்சில் அவர் இறந்தார், நவம்பரில் தடை நீங்கியது.

சியரா லியோனுக்குத் திரும்புவோம். கண்டனம் கிளம்பியதும் அரசு இறங்கிவந்து கர்ப்பிணி மாணவிகளுக்குத் தனி மையங்கள் அமைத்தது. வெளிநாட்டு உதவிப் பணமும் வந்தது. வாரத்தில் மூன்றே நாள் வகுப்பு, பாடங்களும் குறைவு. நல்ல மனசோடு செய்ததாக இருக்கலாம். ஆனால் மாசசூசெட்ஸின் பள்ளி நேரம் இங்கே கட்டடமாகிவிட்டது. 2019 டிசம்பர் 12 அன்று மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் எக்கோவாஸ் நீதிமன்றம் தடையோடு சேர்த்து இந்தத் தனி மையங்களையும் பாகுபாடு என்றது. 2020 மார்ச் 30இல் அரசு தடையை நீக்கியது. கொரோனாவுக்காகப் பள்ளிகளை மறுபடி மூடிக்கொண்டிருந்த அதே நாட்கள்.

அப்படியானால் தனி ஏற்பாடே கூடாதா? ஜமைக்கா இந்தக் கேள்வியைச் சிக்கலாக்குகிறது. 1978இல் கிங்ஸ்டனில் தொடங்கிய பெண்கள் மையம், கர்ப்பத்தால் பள்ளியை விட்ட பெண்களைச் சேர்த்துக்கொண்டு பாடம் நடத்தியது. குழந்தை பிறந்தபின் வழக்கமான பள்ளிக்குத் திருப்பி அனுப்பியது, குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்தது. இதுவும் தனி இடம்தான். ஆனால் இதற்கு இரண்டு வாசல்: ஒன்று உள்ளே வர, மற்றது பள்ளிக்கே திரும்பிப் போக. ஃப்ரீடவுன் மையத்துக்குள் போனவளுக்கு அந்த இரண்டாவது வாசலின் சாவி கையில் இல்லை. இருந்தாலும் ஜமைக்காவிலும் பள்ளிகள் இவர்களைத் திரும்பச் சேர்த்தே ஆகவேண்டும் என்ற கொள்கை 2013இல்தான் வந்தது. அதுவரை தலைமையாசிரியரின் தயவு.

நம் நாட்டில் கல்லூரி வாசலில் யாரும் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதில்லை என்று பெருமூச்சு விடலாம். தேவையில்லை, வருகைப் பதிவேடு இருக்கிறது. நான் வேலைபார்த்த ஒரு கல்லூரியில் வளைகாப்பு முடிந்த பெண்கள் அடுத்த செமஸ்டரில் காணாமல் போவார்கள். பெயருக்கு எதிரே 'டிஸ்கன்டினியூட்' என்று சிவப்பு மையில் எழுதுவார்கள், ஏதோ அவளாக முடிவெடுத்ததுபோல. சதவிகிதத்துக்கு ஆண் பெண் தெரியாது என்பார் முதல்வர். 2010இல் டெல்லி உயர்நீதிமன்றத் தனி நீதிபதி, கர்ப்பத்தால் வகுப்புக்கு வர முடியாத சட்ட மாணவிகளுக்குச் சலுகை தரவேண்டும் என்றார். 2018இல் அதே நீதிமன்றம் இன்னொரு சட்ட மாணவிக்கு முடியாது என்றது. சட்டம் படிக்க வந்தவர்களுக்கே இந்த கதி. பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் எம்.ஃபில்., பிஎச்.டி. மாணவிகளுக்கு 240 நாள் விடுப்பு தந்தது. இளநிலை, முதுநிலை மாணவிகளுக்கும் விதி வகுத்துக்கொள்ளுங்கள் என்று பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் எழுத 2021 டிசம்பர் ஆயிற்று. ஆராய்ச்சி செய்பவளின் கர்ப்பத்துக்கும் பி.ஏ. படிப்பவளின் கர்ப்பத்துக்கும் நடுவே ஐந்து வருஷம்.

2022 டிசம்பரில் கேரளத்தின் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம் மாணவிகளுக்கு 60 நாள் பேறுகால விடுப்பு அறிவித்தது. அடுத்த மாதமே மாநிலம் முழுக்க அதை விரிவாக்கினார்கள். நல்ல காரியம், வரவேற்போம். ஆனால் பிள்ளைக்குப் பால்குடி மறக்க 60 நாளைவிடப் பல மாதம் ஆகும். 61ஆம் நாள் முதல் வகுப்புக்கு வருகிறவள் மத்தியானம் எங்கே உட்கார்ந்து பால் கொடுப்பாள், இரண்டு பீரியடுக்கு நடுவில் பிள்ளையை யார் கையில் கொடுப்பாள்? நம் கல்லூரிகளில் என்.சி.சி.க்கு அறை இருக்கிறது, வண்டி நிறுத்த ஷெட் இருக்கிறது. தூளி கட்ட ஒரு அறை இருக்கிற கல்லூரியை நான் இதுவரை பார்க்கவில்லை.