கஜக்கோல் பிடித்த பெரியப்பா

சென்னைத் தியாகராயநகரின் வரலாற்றை எழுதினோர் கடைகளின் பெயரை எழுதினர். முதலாளிமார்தம் உழைப்பைப் போற்றினர். அக்கடைகளில் துணி விரித்துக் காட்டிய கைகள் யாருடையவை என்று எழுதினாரில்லை. அவற்றுள் நம் சமுதாயத்தார் கைகளும் இருந்தன என்பதை நம் இளைஞர்களே இன்று அறியார். ஆதலின், என் பெரியப்பாவின் வாழ்க்கையை வரலாற்றுச் செய்தியாகவே இம்மலரில் குறிக்க விழைகின்றேன்.

1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவாக்கப்பட்டது அந்நகர். நீதிக்கட்சித் தலைவர் சர் பி. தியாகராயரின் பெயரைப் பெற்றது. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கவே, மாம்பலம் நிலையத்தில் இறங்கி நடக்கும் தொலைவில் கடைகள் பெருகலாயின.

அந்நகர் எழுந்த அதே காலத்தில், 1924இல், தாத்தா இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் பொதுச் சாலையும் கிணறும் யாவர்க்கும் உரியவை என்னும் தீர்மானத்தைச் சென்னைச் சட்டமன்றத்தில் கொணர்ந்து வெற்றி கண்டார். 1950இல் நடைமுறைக்கு வந்த அண்ணல் அம்பேத்கரின் அரசியல் சட்டம், தன் 15ஆம் பிரிவில் கடைகளையும் சேர்த்தது. கடைக்குள் சென்று வாங்கும் உரிமை நமக்கு வந்தது. கடைக்குள் நின்று விற்கும் வேலையோ எனில், தனியார் கடையில் இடஒதுக்கீடு ஏது?

பெரியப்பா படித்தது ஐந்தாம் வகுப்பு. 1950களின் இறுதியில் மயிலாப்பூரிலிருந்து நாள்தோறும் நடந்தே சென்று ஜவுளிக் கடையொன்றில் பணியாற்றத் தொடங்கினார். முதலில் கிடங்கில் மூட்டை பிரிக்கும் வேலை. எந்தத் தெருவில் குடியிருக்கிறாய் என்று கேட்டறிந்த மறுநாளே அவருக்குத் தண்ணீர்க் குவளை தனியாயிற்று. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் அப்போது நடைமுறையில்தான் இருந்தது.

கிடங்கிலிருந்து அவரை முன்னே கொணர்ந்தது அவர்தம் கணக்கறிவு. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மெட்ரிக் அளவை படிப்படியாக நாட்டில் புகுந்தது. கஜக்கோல் போய் மீட்டர் கோல் வந்தபோது, கஜம் இன்ன விலை என்றே பழகிய மயிலாப்பூர் அம்மையார்களும் தடுமாறினர், துணி கிழித்துத் தரும் விற்பனையாளர்களும் தடுமாறினர். ஒரு கஜம் 0.9144 மீட்டர். பெரியப்பா மீட்டர் விலையில் பத்தில் ஒரு பங்கைக் கழித்து, சிறிது கூட்டி, தாளும் எழுதுகோலும் இன்றிக் கஜ விலையைச் சொல்லிவிடுவார். ஒன்பது கஜப் புடவை எட்டேகால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு என்பது எங்கள் வீட்டுச் சிறுவர்களுக்கும் மனப்பாடம். அதன்பின் அவர் கிடங்குக்குத் திரும்பவில்லை. குவளை மட்டும் நெடுநாள் தனியாகவே இருந்தது.

பழைய நாளில் வெள்ளை விரிப்பின்மேல் வாங்குவோரும் விற்போரும் எதிரெதிரே அமர்ந்தே வியாபாரம் நடந்ததென அவர் சொல்வார். பின்னர் உயரமான மேசைகள் வந்தன; வாங்குவோர்க்கு நாற்காலி கிடைத்தது, விற்போர் நிற்கலாயினர். 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்றும், வாரம் ஒருநாள் விடுமுறை என்றும் வரையறுத்தது. இருக்கைக்கு வழி செய்யவில்லை. இங்கிலாந்தில் 1899இலேயே, கடைப் பெண்கள் மூவர்க்கு ஓர் இருக்கையேனும் வேண்டுமெனச் சட்டம் செய்தனர். நம்மை ஆண்டவர்கள் அதைக் கப்பலில் ஏற்ற மறந்தனர் போலும்!

தீபாவளி மாதத்தில் நள்ளிரவில் வீடு திரும்புவார். வெந்நீரில் உப்பிட்டுக் காலை வைத்துக்கொண்டு, அன்று வந்தோரின் பேரத்தை நடித்துக் காட்டி எங்களைச் சிரிக்க வைப்பார். கெண்டைக்காலில் நரம்புகள் முடிச்சிட்டுப் புடைத்திருந்தன. அந்தச் சம்பளத்தில்தான் தம்பி மக்கள் மூவருக்கும் பள்ளிச் சம்பளம் கட்டினார். குறைந்த விலைக்குக் கிடைத்த வெட்டுத் துண்டுகளை ஒட்டித் தைத்த சட்டையுடனே நாங்கள் பள்ளி சென்றோம். முன்பக்கம் ஒரு நிறம், முதுகில் வேறு நிறம்.

கோழிக்கோட்டில் விஜி என்னும் அம்மையாரின் தலைமையில் கடைப் பெண்கள் போராட, கேரளம் 2018இல் இருக்கை உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தை 2021இல் திருத்தி, ஊழியர் அனைவர்க்கும் இருக்கை வேண்டுமென விதித்தது. பெரியப்பா அதற்குப் பல்லாண்டு முன்பே மறைந்தார். ரங்கநாதன் தெருவுக்குத் துணி எடுக்கச் செல்லும் நம் இளைஞர்கள், மேசைக்குப் பின்னே இருக்கை உள்ளதா, அதில் எவரேனும் அமர்ந்திருக்கின்றனரா என்று எட்டிப் பார்த்து வந்து நம் சங்கத்தில் சொல்லுங்கள்.