தாயிபில் கேட்ட துஆ, பதினொரு வருடம் கழித்து வந்த பதில்



கஷ்டம் வந்தால் நாம் துஆ கேட்கிறோம். கேட்டு இரண்டு மூன்று வாரம் போனதும் ஒரு சோர்வு வந்துவிடுகிறது. "எவ்வளவு கேட்டும் ஒன்றும் நடக்கவில்லையே" என்று வாய்விட்டுச் சொல்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள், மனதுக்குள் வைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சோர்வுக்காகத்தான் இன்று தாயிப் பயணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம் என்று நினைத்தோம். குர்ஆன் மத்ரஸா நாட்களிலிருந்து கேட்டு வரும் சம்பவம்தான். ஆனால் "கல்லெறிந்தார்கள், இரத்தம் ஓடியது" என்பதோடு பெரும்பாலும் நிறுத்திவிடுகிறோம். அதற்குப் பிறகுதான் விடயமே இருக்கிறது.

அது நபித்துவத்தின் 10ஆம் ஆண்டு, கி.பி. 619. அந்த ஆண்டில்தான் அபூதாலிப் மரணித்தார். நாட்கள் சென்று கதீஜா (ரழி) அவர்களும் வபாத்தானார்கள். வெளியில் பாதுகாப்பாக நின்றவரும் இல்லை, வீட்டில் ஆறுதலாக இருந்தவரும் இல்லை. மக்காவில் இருக்கவே முடியாத நிலை வந்தபோதுதான் நபி (ஸல்) அவர்கள் ஸைத் இப்னு ஹாரிஸா (ரழி) அவர்களுடன் தாயிபுக்குப் போனார்கள். திராட்சையும் மாதுளையும் விளையும் மலையூர் அது. அங்கே ஸகீப் கோத்திரத்தின் தலைவர்களாக இருந்த மூன்று சகோதரர்களைச் சந்தித்தார்கள். அவர்களில் ஒருவர் அப்து யாலீல். இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூவரும் ஏளனம் செய்து மறுத்தார்கள். அதோடு விடாமல் ஊரின் அடிமைகளையும் சிறுவர்களையும் ஏவிவிட்டார்கள். இரத்தம் வடிந்த நிலையில் நபியவர்கள் ஒரு திராட்சைத் தோட்டத்தில் ஒதுங்கினார்கள். அந்தத் தோட்டம் மக்காவின் எதிரிகளான உத்பா, ஷைபா என்ற சகோதரர்களுக்குச் சொந்தமானது.

அங்கே கேட்ட துஆவை இப்னு இஸ்ஹாக் தமது வரலாற்று நூலில் பதிவு செய்திருக்கிறார். அதன் அறிவிப்பாளர் வரிசை பற்றி ஹதீஸ்கலை அறிஞர்களிடையே பேச்சு உண்டு. என்றாலும் ஸீரா நூல்கள் எல்லாம் அதைச் சொல்லி வருகின்றன. அந்த துஆவின் சாரத்தைப் பாருங்கள். "தாயிப் மக்கள் இப்படிச் செய்துவிட்டார்கள்" என்று அது தொடங்கவில்லை. தமது பலவீனத்தையும், வழியில்லாத நிலையையும், மக்கள் முன் தாம் மதிப்பிழந்து நிற்பதையும்தான் அல்லாஹ்விடம் முறையிடுகிறார்கள். உனக்கு என்மீது கோபமில்லை என்றால் மற்றதெல்லாம் எனக்குப் பெரிதில்லை என்ற கருத்தும் அதில் வருகிறது. நாம் எப்படி? துஆவில் முக்கால்வாசி நேரம் மற்றவர்கள் மீதான முறைப்பாடாகவே போய்விடுகிறது. "யா அல்லாஹ், எனக்கு ஏலாது" என்று சொல்வதற்கு நமக்கு வெட்கம்.

உடனே கிடைத்தது என்ன? ஒரு குலைத் திராட்சை. எதிரிகளுக்கே மனம் இளகி, அத்தாஸ் என்ற கிறிஸ்தவ அடிமையிடம் கொடுத்தனுப்பினார்கள். "பிஸ்மில்லாஹ்" சொல்லிச் சாப்பிட்டதைக் கண்டு அவர் ஆச்சரியப்பட்டார். ஊர் எது என்று கேட்டபோது நீனவா என்றார். அது யூனுஸ் (அலை) அவர்களின் ஊர். மீன் வயிற்றின் இருளுக்குள்ளிருந்து அல்லாஹ்வை அழைத்த நபியின் ஊர்க்காரர், அந்த நேரத்தில் வந்து நிற்கிறார்!

திரும்பும் வழியில் நடந்ததை புஹாரியும் முஸ்லிமும் பதிவு செய்கின்றன. உஹதை விடக் கடினமான நாள் உங்களுக்கு இருந்ததா என்று ஆயிஷா (ரழி) அவர்கள் கேட்டபோது நபியவர்களே சொன்ன செய்தி அது. கவலையில் நடந்துகொண்டே வந்தவர்களுக்கு கர்னுஸ் ஸஆலிப் என்ற இடத்தில்தான் சுயநினைவு திரும்பியது. மலைகளின் வானவர் வந்து, விரும்பினால் இரு மலைகளையும் இவர்கள் மீது கவிழ்த்துவிடுகிறேன் என்றார். நபியவர்கள் மறுத்தார்கள். இவர்களின் சந்ததியிலாவது அல்லாஹ்வை மட்டும் வணங்குபவர்கள் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். துஆ கேட்டாயிற்று என்று சும்மா இருக்கவில்லை. மக்காவுக்குள் நுழைய யாராவது அடைக்கலம் தரவேண்டும். இருவரிடம் ஆளனுப்பினார்கள், கிடைக்கவில்லை. மூன்றாவதாக முத்இம் இப்னு அதீ சம்மதித்தார். அவர் இஸ்லாத்தை ஏற்காதவர். தம் பிள்ளைகளுக்கு ஆயுதம் தரித்து கஃபாவருகே நிறுத்தி நபியவர்களை உள்ளே வரச்செய்தார். அந்த உபகாரத்தை நபியவர்கள் மறக்கவில்லை. பத்ரின் பின், முத்இம் உயிரோடிருந்து இந்தக் கைதிகளுக்காகப் பேசியிருந்தால் அவருக்காக விட்டிருப்பேன் என்றார்கள்.

இனி பதிலுக்கு வருவோம். ஹிஜ்ரி 8இல் தாயிப் முற்றுகையிடப்பட்டபோது ஸகீபைச் சபிக்கும்படி தோழர்கள் கேட்டார்கள். நபியவர்களோ ஸகீபின் நேர்வழிக்காகவே துஆ செய்தார்கள். அடுத்த ஆண்டு ஸகீப் தூதுக்குழு மதீனாவுக்கு வந்து இஸ்லாத்தை ஏற்றது. அதற்குத் தலைமை தாங்கி வந்தவர் யார்? அதே அப்து யாலீல்! தாயிபுக்கும் அந்த நாளுக்கும் இடையே பதினொரு வருடங்களுக்கு மேல். நபியவர்களின் வபாத்தின் பின் பல கோத்திரங்கள் விலகியபோது ஸகீப் உறுதியாக நின்றது.

இதில் நமது தீவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. பலாதுரீ என்ற வரலாற்றாசிரியர் எழுதுகிறார்: "மாணிக்கத் தீவின்" அரசன், தன் நாட்டில் மரணித்த முஸ்லிம் வணிகர்களின் பெண்மக்களைக் கப்பலில் அனுப்பினான். தேபல் அருகே கடற்கொள்ளையர் அதைப் பிடித்தார்கள். அந்தத் தீவு இலங்கை என்பதே பலரின் கருத்து. அந்தப் பெண்களின் அபயக்குரலுக்காகப் பின்னர் சிந்துவுக்குச் சென்ற முஹம்மத் இப்னு காஸிம், அவரை அனுப்பிய ஹஜ்ஜாஜ், இருவருமே ஸகீப் கோத்திரத்தினர். ஹஜ்ஜாஜின் கொடுமைகளை நாம் நியாயப்படுத்தவில்லை. அன்று மலை கவிழ்ந்திருந்தால் வரலாறு எப்படிப் போயிருக்கும் என்பதைத்தான் யோசிக்கச் சொல்கிறோம்.

நமக்கும் ஒரு தாயிப் வந்தது. 2020இல் நமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டபோது தஹஜ்ஜுதில் அழாத வீடு எது? அந்த டிசம்பரில் பொரளை மயான வாயிலில் வெள்ளைத் துணி கட்டியவர்களில் பிற மதத்து சகோதரர்களும் இருந்தார்கள். அவர்கள் நமது முத்இம்கள். 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் மண் கிடைத்தது. அதற்கு முன் எரிக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு அந்தப் பதில் பிந்தித்தான் வந்தது. அந்த வலியை யாரும் சிறிதாக்கிவிட வேண்டாம். ஆனால் கேட்டது வீணாகிவிட்டது என்றும் சொல்லிவிட வேண்டாம்.

இன்று கடனிலும் நோயிலும் பிள்ளைகளைப் பற்றிய கவலையிலும் இருப்பவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். பலவீனத்தை மறைக்காமல் அல்லாஹ்விடம் சொல்லுங்கள். அடுத்தவர் அழிவைக் கேட்காதீர்கள். கேட்டுவிட்டு எழுந்து, தட்ட வேண்டிய கதவைத் தட்டுங்கள். முதல் இரண்டு கதவு திறக்காவிட்டால் மூன்றாவதையும் தட்டுங்கள். பதிலுக்கு நாள் குறிப்பது நமது வேலை அல்ல.

யா அல்லாஹ், எங்கள் பலவீனத்தை உன்னிடமே முறையிடுகிறோம். எங்களை எங்களிடமே விட்டுவிடாதே. ஆமீன்.