பழைய சட்டை: போடி மலைச்சரிவிலிருந்து ஒரு வரலாறு

போடி என்றதும் இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களுக்கு 1989-ஆம் ஆண்டுக் கலவரம் நினைவுக்கு வரும். வியாபாரிகளுக்கு ஏலக்காய் ஏலம் நினைவுக்கு வரும். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பழைய சட்டை.

விடிவதற்குள் போடியிலும் சுத்துப்பட்டு ஊர்களிலும் ஜீப்புகள் வந்து நிற்கும். பெண்கள் தூக்குச்சட்டியோடு ஏறி ஒருத்தர் மடியில் ஒருத்தராக நெருக்கி உட்காருவார்கள். 17 கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டினால் கேரளம். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஏலத்தோட்டங்கள். ஜீப்பில் இருக்கிற பெண்களைப் பாருங்கள். சேலைக்கு மேலே ஆம்பளைங்க போடுகிற முழுக்கைச் சட்டை போட்டிருப்பார்கள். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேலே வளரும். காய் மட்டும் அடித்தூரில், தரையோடு கிடக்கிற சரத்தில் பிடிக்கும். ஈரத்தில் உட்கார்ந்து, ஊர்ந்து, கையை உள்ளே விட்டுப் பறிக்க வேண்டும். அட்டை ஏறும். குளிர் நடுக்கும். இலையில் அடித்த பூச்சிமருந்து தோலில் படும். அந்தச் சட்டைதான் அவர்களுக்குக் கவசம்.

அது யாருடைய சட்டை? இந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

சிலது புருசன் போட்டுக் கிழிந்தது. பலது முதலாளி வீட்டிலிருந்து வந்தது. எங்கம்மா காய் எடுப்பு இல்லாத மாசங்களில் டவுனில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போகும். அந்த வீட்டம்மா பொங்கலுக்கும் தீபாவளிக்கும், "இந்தா புள்ள, நாலு துணி கெடக்கு, ஒம் பிள்ளைகளுக்கு ஆகும்" என்று ஒரு பையைத் திண்ணையில் வைப்பார்கள். கையில் தர மாட்டார்கள். அம்மா, "சரிங்கம்மா" என்று எடுத்துக்கொண்டு வரும்.

நான் நாலாங் கிளாஸ் படித்தபோது அந்தப் பையிலிருந்து ஒரு கவுன் வந்தது. ரோஸ் கலர். அளவு சரியாக இருந்ததால் அப்படியே போட்டுக்கொண்டு போனேன். இன்ட்ரவலில் ஒரு பிள்ளை என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏய், இது எங்கக்கா கவுனு. இந்தக் கறை நான் மை கொட்டுனது" என்றது. எல்லாப் பிள்ளைகளும் வந்து அந்தக் கறையைப் பார்த்தன. சாயங்காலம் வரை கையால் அதை மறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா என்னைத் திட்டவில்லை, அந்தப் பிள்ளையையும் திட்டவில்லை. கவுனைக் கழட்டச் சொல்லி, விளக்கு வெளிச்சத்தில் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தது. பாவாடைப் பகுதியைத் தனியாக எடுத்தது. அப்பாவின் பழைய கோடுபோட்ட சட்டை ஒன்றை வெட்டி மேல்பாகம் ஆக்கியது. கையைச் சுருக்கிப் பஃப் வைத்தது. மைக்கறை இருந்த இடத்தில் இலை மாதிரி ஒரு துண்டை வெட்டி ஒட்டு வைத்து, அதைச் சுற்றி ஊதா நூலில் சங்கிலித் தையல் போட்டது. மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு போனேன். அந்தப் பிள்ளை பார்த்தது. ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அதுவே சட்டமானது. வந்த துணி எதுவும் வந்தபடியே உடம்பில் ஏறாது. சட்டை என்றால் முதலில் காலர் போகும். காலரின் உள்பக்கம்தான் வெளுக்கிறவர்கள் எந்த வீட்டுத் துணி என்று குறி போடுவார்கள். சேராங்கொட்டைச் சாற்றில் போட்ட குறி எத்தனை வெளுப்புக்கும் போகாது. பிறகு பட்டன் எல்லாம் பவுடர் டப்பாவுக்குப் போகும், வேறு கலர் பட்டன் ஏறும். பாக்கெட்டைப் பிரித்தால் அந்த இடம் மட்டும் நிறம் மங்காமல் சதுரமாகத் தெரியும். அதன்மேல் ஒரு பூவோ இலையோ உட்காரும். தோட்டத்துச் சட்டை என்றால் கைநுனியில் பழைய சாக்ஸை வெட்டித் தைக்கும், அட்டை உள்ளே போகாமல் இருக்க. கூலிக்காசு வைக்க உள்பக்கம் ஒரு பை.

அம்மா அழகுக்காகத் தைக்கிறது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டேன். "அவுக கண்ணுக்கு அவுக துணியாத் தெரியக்கூடாதுல்ல" என்றது. "அதுக்கு ஒட்டுப் போட்டாப் பத்தாதா, பூ எதுக்கு?" என்றேன். "பூவு எனக்கு" என்றது.

இந்த ரெண்டு பதிலுக்குள் ஒரு வரலாறு இருக்கிறது.

பழைய துணி கொடுப்பதை நம் ஊரில் இரக்கம் என்று சொல்லுகிறார்கள். அது இரக்கமாகத் தொடங்கவில்லை, விதியாகத் தொடங்கியது. மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயத்தைப் பாருங்கள். சண்டாளர் உடுக்க வேண்டியது பிணத்தின் துணி என்கிறது. பணிசெய்யும் சூத்திரருக்கு மிச்சச் சோற்றோடு பழைய துணியும் கொடுக்கச் சொல்கிறது. எச்சில் சோறும் பழந்துணியும் ஒரே பந்தியில் வைத்துப் பேசப்படுகின்றன. புதுத்துணி கொடுத்தால் கூலி ஆகிவிடும். பழையதைக் கொடுத்தால்தான் வாங்குகிறவரின் இடம் எது என்று தினமும் அவர் உடம்பிலேயே எழுதிக் காட்ட முடியும்.

எம்.ஏ. தமிழ் படித்தபோது பொருநராற்றுப்படை பாடமாக இருந்தது. கரிகாலனிடம் வந்த பொருநன் உடுத்தியிருந்தது வேர்வையில் ஊறி, ஈரும் பேனும் அடைந்து, வேற்று நூலால் தைத்துத் தைத்து நின்ற கந்தல். அரசன் அதைக் களையச் செய்து பாம்புரி போன்ற மெல்லிய துணியைக் கொடுக்கிறான். வகுப்பில் ஒரு மணி நேரம் அரசனின் வள்ளன்மை பற்றிப் பேசினோம். தையலுக்குத் துன்னல் என்ற பழஞ்சொல்லைக் குறித்துக்கொண்டோம். அந்தக் கந்தல் அத்தனை நாள் உடம்பில் நிற்கும்படி தைத்தது யார் கை என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அம்மா காய் பறித்த மலை ஒரு காலத்தில் திருவிதாங்கூர் ராச்சியம். துணியின் வெட்டையும் தையலையும் வைத்தே சாதியை அளந்த ராச்சியம் அது. அதன் தென்பகுதியில் கிறிஸ்தவரான நாடார் பெண்கள் குப்பாயம் என்கிற சட்டை போட்டு, அதன்மேல் தோள்சீலையும் அணிந்தபோது 1822-இல் மோதல் தொடங்கியது. தெருவில் வைத்துத் துணியைக் கிழித்தார்கள். 1859-இல் வந்த அரச அறிவிப்பு மேலுடம்பை மூட அனுமதித்தது, ஆனால் மேல்சாதிப் பெண்களைப்போல் மூடக்கூடாது என்றது. அதாவது துணி இருக்கலாம், மாதிரி ஒன்றாக இருக்கக்கூடாது. அதே நாட்டில் புலையர் பெண்கள் சாதிக்குறியாகக் கழுத்தில் கட்டிய கல்மாலையை 1915-இல், அய்யங்காளி கூட்டிய கூட்டத்தில், அறுத்து எறிந்தார்கள்.

மலைக்கு இந்தப் பக்கமும் கதை வேறில்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்கக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக்கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மூடக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. அடுத்த வருசம் தடைகள் பதினொன்றாகின. பழைய சட்டை கொடுக்கிற அதே சமூகம், நாமே ஒரு சட்டை தைத்துப் போட்டால் கொளுத்தும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். எங்கப்பத்தா சாகும்வரை ரவிக்கை போடவில்லை. "எங்க காலத்துல ஏது தாயி" என்று மட்டும் சொல்லும். ஏது என்பது இல்லாமையா, விடாமையா என்று நான் கேட்டுவைக்கவில்லை.

அம்பேத்கர் இதை அறிந்திருந்தார். 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் மனுஸ்மிருதி கொளுத்தப்பட்டது. அந்த மாநாட்டை ஒட்டி அவர் பெண்களிடம் தனியாகப் பேசினார். தீண்டத்தகாதவர் என்று பார்த்ததும் காட்டிக்கொடுக்கிற உடுத்துமுறையை விடுங்கள், சேலையை மேல்சாதிப் பெண்கள் கட்டுவதுபோல் இறக்கிக் கட்டுங்கள் என்றார். அங்கேயே பெண்கள் கட்டை மாற்றிக் கட்டினார்கள். புதுச்சேலை யாரும் வாங்கவில்லை. இருந்த சேலைதான், கட்டு மட்டும் மாறியது. எங்கம்மாவுக்கு மகாட் தெரியாது. ஆனால் காலரைப் பிரித்தபோது அது செய்ததும் அந்த வேலைதான்.

'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்று நமக்குப் பழமொழி சொல்லித் தந்தார்கள். கந்தை ஏன் என்று கேட்காதே, கசக்கினாயா என்று மட்டும் பார் என்பதுதான் அதன் பொருள். எங்கம்மா கசக்கிக் கட்டியதோடு நிற்கவில்லை, வெட்டித் தைத்தது. பெருமையாகத்தான் எழுதுகிறேன். என்றாலும் இதை ஊசியின் வெற்றி என்று முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. ஏனென்றால் அட்டைக்கும் குளிருக்கும் பழைய சாக்ஸ் தைத்துக்கொள்ள வேண்டிய அவசியமே வந்திருக்கக்கூடாது. 1951-ஆம் வருசத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பளி, மழைக்கோட்டு போன்றவற்றை முதலாளி தரும்படி விதி செய்ய மாநில அரசுகளுக்கு அதிகாரம் தந்தது. ஏலத்தோட்டமும் அந்தச் சட்டத்துக்குள் இருந்தது. ஆனால் ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டம் அதில் வரவில்லை. காலையில் ஒரு தோட்டம், மறுநாள் வேறு தோட்டம் என்று ஜீப்பில் போகிற பெண்ணுக்கு முதலாளி யார்? எங்கம்மா முப்பது வருசம் மலை ஏறியது. ஒரு மழைக்கோட்டு கிடைக்கவில்லை. கிடைத்தது பழைய சட்டை. உரிமையாக வர வேண்டியது பிச்சையாக வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏழைப் பெண்களுக்குத் தமிழ்நாடு அரசு கொடுத்துவந்த இலவசத் தையல் இயந்திரத் திட்டத்துக்குச் சத்தியவாணிமுத்து அம்மையார் பெயர் வைத்தார்கள். தி.மு.க. அமைச்சராக இருந்து, தாழ்த்தப்பட்ட மக்கள் அங்கே புறக்கணிக்கப்படுகிறார்கள் என்று 1974-இல் வெளியேறித் தனிக்கட்சி தொடங்கியவர் அவர். எங்கள் தெருவில் அந்த மிஷினை வைத்துத் தைக்கிற இரண்டு பேரிடம் கேட்டேன். மிஷின் தெரிகிறது, அம்மையாரைத் தெரியவில்லை. சொல்லித்தர வேண்டியது நாம்தான்.

இப்போது ரெடிமேட் மலிந்துவிட்டது. எங்கள் பிள்ளைகள் புதுசு போடுகிறார்கள். ஆனாலும் ஜீப்பில் ஏறுகிற பெண்கள் மேலே பழைய சட்டை இன்னும் இருக்கிறது. போன தீபாவளிக்கு அந்த டவுன் வீட்டிலிருந்து ஒரு பை வந்தது. கொண்டு வந்த பையனிடம் அம்மா, "கூலியில கூட்டிக் குடுக்கச் சொல்லு தம்பி, துணிய நாங்க எடுத்துக்கிடுறோம்" என்று திருப்பி அனுப்பிவிட்டது.

அந்த நாலாங் கிளாஸ் கவுன் என்னிடம் இருக்கிறது. ரோஸ் வெளுத்துவிட்டது, ஊதா இலை அப்படியே இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று டிரங்குப் பெட்டியில் கிடக்கும். பாத்திரக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். யார் கொடுத்தது, யார் பிரித்தது, யார் தைத்தது என்று உங்கள் அம்மாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். நான் என் அப்பத்தாவிடம் கேட்கத் தவறிவிட்டேன்.