மதுரையில் தயாராகும் மலிவு விலைக் கண் லென்ஸ்

உலகில் பார்வை இழப்புக்கு முதன்மைக் காரணம் கண்புரை. வயது ஏற ஏறக் கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ் கலங்கி, பார்வை மங்கிவிடுகிறது. இதைக் கரைக்கச் சொட்டு மருந்து கிடையாது. அறுவை சிகிச்சை ஒன்றே வழி.

முன்பெல்லாம் கலங்கிய லென்ஸை எடுத்துவிட்டு, தடித்த 'சோடாபுட்டி' கண்ணாடி கொடுத்து அனுப்புவார்கள். அது உடைந்தாலோ தொலைந்தாலோ நோயாளிக்கு மறுபடியும் இருட்டுதான். கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் பொருத்தும் முறையை 1949இல் லண்டனில் டாக்டர் ஹெரால்டு ரிட்லி தொடங்கிவைத்தார். ஆனால், இறக்குமதி லென்ஸ் ஒன்றின் விலை ஏறக்குறைய 100 அமெரிக்க டாலராக இருந்ததால், ஏழை நாடுகளின் கிராம மக்களுக்குப் பல ஆண்டுகள் அது எட்டாக்கனியாகவே இருந்தது.

இந்த நிலையை மாற்றியதில் மதுரைக்குப் பெரும் பங்குண்டு. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் அறுவை சிகிச்சை செய்யப் பழகியவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் செலுத்துவோரிடமிருந்து வரும் வருமானத்தைக் கொண்டு வசதியற்றவர்களுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை அளிப்பது அதன் வழக்கம்.

லென்ஸையும் சொந்தமாகவே தயாரிக்க 1992இல் 'ஆரோலேப்' உருவானது. வெளிநாட்டுத் தொழில்நுட்பத்தைக் கற்று, உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி அளித்து உற்பத்தி தொடங்கியது. விலை சுமார் 10 டாலராக இறங்கியது. பின்னர் அதைவிடவும் குறைந்தது. இன்று அந்த லென்ஸ்கள் 100க்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் செல்கின்றன.

லென்ஸ் விலை குறைந்தால் மட்டும் போதாது, சிகிச்சைச் செலவும் குறைய வேண்டும். அரவிந்தில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒரு மேசையில் சிகிச்சை நடக்கும்போதே அடுத்த நோயாளியைத் தாதியர் மற்றொன்றில் தயார்படுத்திவிடுவார்கள். சிறு கீறல் வழியே, பெரும்பாலும் தையலின்றி, விலை உயர்ந்த இயந்திரம் இல்லாமல் கையாலேயே புரையை அகற்றும் முறையும் அங்கு நடைமுறையில் உள்ளது. நேபாளத்தில் டாக்டர் சந்துக் ரூயித் இதே போன்ற முறையை மலைக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றார். காத்மாண்டுவிலும் மலிவு விலை லென்ஸ் தயாரிக்கப்படுகிறது.

"வயதாகிவிட்டது, இனி என்ன?" என்று முதியவர்கள் மங்கிய பார்வையோடு வீட்டிலேயே முடங்கிவிடுவது உண்டு. விளக்கொளி கூசுவது, நிறங்கள் வெளிறித் தெரிவது, கண்ணாடியின் பவரை அடிக்கடி மாற்ற வேண்டியிருப்பது ஆகியவை கண்புரையின் அறிகுறிகளாக இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்குக் கண்புரை முன்னதாகவே வரக்கூடும். அவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது கண் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. கண்புரையால் மங்கிய பார்வையைப் பெரும்பாலும் மீட்டுவிட முடியும்.