சாயமும் கறையும்: காவிரிக் கரை நெசவு மரபு முதல் செயற்கைக் கம்பள இழை வரை

ஆய்வுச் சுருக்கம்

தரைவிரிப்புகளில் நிறம் நிலைப்பதும் கறை படியாதிருப்பதும் இரு வேறு சிக்கல்களாகக் கருதப்பட்டு வருகின்றன. இவை ஒரே வேதிவினையின் இரு முகங்கள் என்பதை இக்கட்டுரை காவிரிக் கரையின் சாயத்தொழில் வரலாற்றின் வழி நிறுவ முயல்கிறது. பருத்தியில் சாயத்தை ஊன்றிய கடுக்காய்த் துவரின் பணி, 20ஆம் நூற்றாண்டில் நைலான் இழையின் கறைத்தடுப்பு முறையில் மறுவடிவம் பெற்றது என்பதும், நிறம் இழையின் புறத்திலிருந்து அகத்திற்கு இடம்பெயர்ந்தபோது தொழிலறிவும் நீர்வளமும் அதனால் மாற்றமுற்றன என்பதும் இங்கு எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சாயம், கறை, துவர், கடுக்காய், உறையூர், ஜமக்காளம், கோரைப்பாய், நைலான், காவிரி.

முன்னுரை

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, கரூர்ச் சாலையில் காவிரியின் தென்கரையில் அமைந்த ஊர் ஜீயபுரம். பங்குனித் திருவிழாவின்போது திருவரங்கத்து நம்பெருமாள் எழுந்தருளும் ஊர் என்ற வகையில் இது வைணவ மரபில் அறியப்பட்டது. நெசவு வரலாற்றை ஆராய்வோருக்கு இவ்வூரின் இருப்பிடம் மற்றொரு வகையிலும் முக்கியமானது. ஜமக்காளத்திற்குப் பெயர்பெற்ற பவானி, சாயப்பட்டறைகள் மிகுந்த ஈரோடு ஆகிய ஊர்களைக் கடந்து வரும் காவிரியில், திருப்பூரைத் தொட்டு வரும் நொய்யலும் கரூரைத் தொட்டு வரும் அமராவதியும் கலக்கின்றன. அதன் பின்னரே ஆறு ஜீயபுரத்தை அடைகிறது. இவ்வூருக்குக் கீழே திருவரங்கமும் தொன்மையான உறையூரும் உள்ளன. ஆகவே, தமிழகத்தின் பழைய சாயத்தொழிலையும் புதிய சாயத்தொழிலையும் ஒருசேர நோக்குவதற்கு இவ்விடம் பொருத்தமானது. இந்நிலப்பரப்பை மையமாகக் கொண்டு, விரிப்புகளின் நிறமும் கறையும் பற்றிய தொழில்நுட்ப வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லும் பொருளும்

நூலோடு விரும்பிச் சேர்க்கப்படும் நிறம் சாயம். விரும்பாது சேரும் நிறம் கறை. இவ்விரண்டையும் பிரிப்பது மனிதரின் விருப்பமேயன்றிப் பொருளின் தன்மை அன்று. மஞ்சளில் தோய்த்த புத்தாடை மங்கலம் எனப்படுகிறது. அதே மஞ்சள் வெள்ளை வேட்டியில் சிந்தினால் கறை எனப்படுகிறது.

இவ்வாய்வுக்குத் துணைசெய்யும் மற்றொரு சொல் ‘துவர்’. இச்சொல் அறுசுவைகளுள் ஒன்றைக் குறிப்பதுடன் செந்நிறத்தையும் காவி நிறத்தையும் குறிக்கிறது. துறவியர் அணியும் காவியுடை ‘துவராடை’ எனப்பட்டது. துவர்ப்புச் சுவையுடைய பட்டை, காய் முதலியவற்றின் சாறே நூலில் நிறத்தை ஊன்றச் செய்யும் என்னும் தொழிலறிவோடு இச்சொல்லின் இரு பொருள்களும் இயைந்து நிற்பது கருதத்தக்கது. நிறம் நீங்காத சாயத்தைத் தொழிலினர் ‘கெட்டிச் சாயம்’ என்பர். பொய்ம்மை வெளிப்படுவதைச் ‘சாயம் வெளுத்தது’ எனக் கூறும் வழக்கு, நிறம் நிலைப்பதற்குச் சமூகம் அளித்த மதிப்பைக் காட்டுகிறது.

உறையூரும் துவரின் பணியும்

கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த ‘எரித்திரையக் கடற்பயண நூல்’ அர்கரு என்னும் ஊரின் பெயரால் வழங்கிய மெல்லிய பருத்தித் துணியைக் குறிப்பிடுகிறது. இவ்வூரை ஆய்வாளர் உறையூரெனக் கொள்வர். சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் உறையூரில் நடத்திய அகழாய்வில் சாயத்தொட்டி ஒன்று வெளிப்பட்டது. அரிக்கமேட்டிலும் சாயத்தொட்டிகள் எனக் கருதப்பட்ட கட்டுமானங்கள் அகழாய்வில் கிடைத்தன. துணி நெய்த இடங்களில் சாயமேற்றும் தொழிலும் வேரூன்றியிருந்தது என்பதற்கு இவை சான்றாகும்.

சோழமண்டலக் கரையின் செந்நிறத்திற்கு மூலமாக விளங்கியது இம்பூறல் எனப்படும் சாயவேர். இதிலுள்ள நிறப்பொருள் அலிசரின். பருத்தி இதனைத் தானாகப் பற்றிக்கொள்வதில்லை. எனவே துணியை முதலில் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்தனர். பின்னர்ப் படிகாரம் ஏற்றினர். அதன்பின் சாயவேர் நீரில் கொதிக்கவைத்தனர். கடுக்காயின் துவர்ப்பொருள் படிகாரத்தை நூலில் நிறுத்தியது. படிகாரத்திலுள்ள அலுமினியம் அலிசரினோடு சேர்ந்து நீரில் கரையாத செந்நிறச் சேர்மமாயிற்று. நிறத்தை ஊன்றச் செய்யும் இத்தகைய பொருளே ‘நிறமூன்றி’ எனப்படுகிறது. 1742இல் இயேசு சபைத் துறவி கேர்து எழுதிய மடல், சோழமண்டலக் கரையில் துணிக்கு வண்ணமிடும் முறையை ஐரோப்பியருக்கு விரிவாக விளக்கியது. அம்மடலில் அவர் கடுக்காயை இந்நாட்டுப் பெயராலேயே குறிப்பிட்டார்.

இம்முறையில் ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. வண்ணம் எழுதப்பட்ட துணி முழுவதும் சாயவேர் நீரில் மூழ்குகிறது. படிகாரம் ஏறிய இடத்தில் சிவப்பு நிலைக்கிறது. ஏறாத இடத்திலும் மங்கலான செம்மை படிகிறது. அம்மங்கலைச் சாணநீரில் தோய்த்தும் வெயிலில் காயவைத்தும் வெளுத்து நீக்கினர். ஒரே சாயநீர் ஓரிடத்தில் சாயமாகவும் மற்றோரிடத்தில் கறையாகவும் அமைந்தது. சாயமேற்றுதலும் கறை நீக்குதலும் ஒரே தொழிலாளியின் ஒரே அறிவாக இருந்தன.

திருவரங்கத்து ஈரங்கொல்லி

வெளுத்தல் தொழிலின் தொன்மைக்குச் சங்க இலக்கியம் சான்று தருகிறது. களர் நிலத்துக் கிணற்று நீரில் புலைத்தி வெளுத்த தூய ஆடையைப் புறநானூற்றின் 311ஆம் பாடல் குறிப்பிடுகிறது. களர்மண்ணின் காரத்தன்மை அழுக்கையும் எண்ணெய்ப் பசையையும் நீக்கவல்லது என்னும் பட்டறிவு இதில் புலப்படுகிறது.

வைணவ மரபில் வழங்கும் செய்தி ஒன்றும் இங்கு நினைக்கத்தக்கது. அரங்கநாதனின் திருப்பரிவட்டங்களை வெளுத்த ஈரங்கொல்லி ஒருவர், அவற்றின் தூய்மையை இராமானுசரிடம் காட்டினார் என்றும், அவர் அத்தொழிலாளியைப் பெருமாள் திருமுன்பு அழைத்துச் சென்று சிறப்பித்தார் என்றும் கூறுவர். இதனை வரலாற்று நிகழ்ச்சியாகக் கொள்ளாவிடினும், சாயம் கெடாமல் மாசு மட்டும் நீங்கும்படி வெளுப்பது உயர்ந்த தொழில்திறன் எனத் திருவரங்கச் சமூகம் மதித்தமைக்கு இது சான்றாகிறது.

செயற்கைச் சாயங்களின் வரவு

1856இல் பெர்க்கின் கண்ட ஊதாச் சாயம் செயற்கைச் சாய யுகத்தைத் தொடங்கிவைத்தது. 1868இல் கிரேபே, லீபர்மன் ஆகிய செருமானிய வேதியியலார் அலிசரினை ஆய்வகத்தில் உருவாக்கினர். இதனால் சாயவேர் அகழ்ந்தோரின் வாழ்வு நலிந்தது. 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தபோது அவுரிப் பயிருக்கும் இதே நிலை நேர்ந்தது.

தொடக்ககால அனிலின் சாயங்கள் பல பளிச்சிட்டன. ஆயினும் வெயிலிலும் நீரிலும் விரைவில் வெளுத்தன. கம்பளங்களின் தரம் இவற்றால் கெட்டது என்னும் குறை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவலாக எழுந்தது. பாரசீக அரசு இவற்றின் இறக்குமதிக்கே தடை விதித்தது. இக்குறையைத் தீர்க்கும் முயற்சியில் 1901இல் இண்டாந்திரீன் வகைச் சாயமும், 1912இல் நாப்தால் வகைச் சாயமும், 1956இல் இழையோடு வேதிப் பிணைப்புக் கொள்ளும் வினைச்சாயமும் தோன்றின. நிறம் கெட்டியாயிற்று, ஆனால் அதன் செய்முறை பட்டறையை விட்டு நீங்கி, சாய நிறுவனம் அச்சிட்ட கையேட்டில் இடம்பெற்றது.

விரிப்புகள்: கோரையும் ஜமக்காளமும்

திருச்சிராப்பள்ளி, கரூர், நாமக்கல் மாவட்டங்களின் காவிரிக் கரைகளில் கோரை பயிராகிறது. கோரையின் வழுவழுப்பான புறத்தோல் சாயத்தை எளிதில் ஏற்பதில்லை. எனவே அதனைச் சாயநீரில் கொதிக்கவைத்தே நிறமேற்றுவர். ஏறிய நிறம் வெயிலில் மங்குவதும் ஈரத்தில் கசிவதும் உண்டு. எனினும், அதே புறத்தோல் காரணமாகச் சிந்திய குழம்பையும் ஈரத்துணியால் துடைத்தெடுக்க முடிகிறது. சாயத்தை ஏற்க மறுக்கும் பொருள் கறையையும் மறுக்கும் என்னும் நெறி கோரைப்பாயிலேயே காணப்படுகிறது.

ஜமக்காளம் இதற்கு எதிரானது. முரட்டுப் பருத்தி நூல் சாயத்தை நன்கு ஏற்கிறது. அதனாலேயே கறையையும் ஏற்கிறது. பவானி நெசவாளர் அகன்ற அடர்நிறப் பட்டைகளை நெய்தனர். திருமணப் பந்தியிலும் ஊர்க்கூட்டத்திலும் பலர் அமரும் விரிப்பில், அடர்நிறம் அழகுக்கு மட்டுமன்றிக் கறையை மறைக்கவும் உதவியது எனலாம். 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் ஜமக்காளத்தைக் கைத்தறிக்குரிய பொருள்களுள் ஒன்றாக வகுத்தது. பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடும் பெற்றது. எனினும், இப்பாதுகாப்புகள் விசைத்தறிப் போலிகளைத் தடுப்பதையே நோக்கின. நெகிழிப் பாயும் செயற்கைக் கம்பளமும் ஜமக்காளத்தின் இடத்தைப் பிடித்ததை அவற்றால் தடுக்க இயலவில்லை.

நைலானும் துவரின் மறுபிறப்பும்

1935இல் கரோதர்சு ஆய்வகத்தில் உருவாக்கிய நைலான், பின்னாளில் கம்பளத் தொழிலின் முதன்மை இழையாயிற்று. இதன் மூலக்கூற்றின் முனைகளிலுள்ள அமீன் தொகுதிகள் அமிலச் சாயங்களை ஈர்த்துப் பிடிக்கின்றன. நைலான் அழகிய நிறங்களை ஏற்பதற்கு இதுவே காரணம். இனிப்புப் பானங்களில் கலக்கும் செந்நிற உணவுச் சாயமும் அமிலச் சாயமே. எனவே சிந்திய பானம் கம்பளத்திற்குச் சாயமேற்றிவிடுகிறது.

இதற்குத் தீர்வு கண்ட வழி நம் கடுக்காயை நினைவூட்டுகிறது. நைலானில் ஏறிய சாயம் கசியாதிருக்கத் தொழிலினர் முதலில் துவர் அமிலத்தைப் பயன்படுத்தினர். பின்னர் அதன் இடத்தில் ‘செயற்கைத் துவர்’ எனப்படும் சல்போனேற்றம் பெற்ற பீனால்–பார்மால்டிஹைடு சேர்மங்கள் வந்தன. இவை இழையின் புறப்பரப்பை அண்டியுள்ள அமீன் முனைகளைப் பற்றிக்கொண்டு, உள்ளிருக்கும் சாயம் வெளியேறுவதைத் தடுத்தன. வெளியேற்றத்தைத் தடுக்கும் இவ்வேலி, வெளியிலிருந்து புதிய சாயம் நுழைவதையும் தடுக்குமன்றோ? 1980களில் கறைத்தடுப்புக் கம்பளங்கள் இந்நெறியின் அடிப்படையில் உருவாயின. 1986இல் டூபான்ட் நிறுவனம் ‘ஸ்டெயின்மாஸ்டர்’ என்னும் பெயரில் அத்தகைய கம்பளத்தை வெளியிட்டது. பருத்தியில் நிறத்தை உள்ளே நிறுத்திய துவர், நைலானில் கறையை வெளியே நிறுத்தியது.

மற்றொரு வழி, நிறத்தை இழைக்குள்ளேயே பொதிவது. உருகிய நிலையிலுள்ள நெகிழியில் நிறமியைக் கலந்து இழையாக இழுக்கும் இம்முறையில் நிறம் இழை முழுவதும் பரவி நிற்கிறது. மஞ்சள் பூசிய முகத்துக்கும் மஞ்சட் கிழங்குக்கும் உள்ள வேறுபாடு இது. பாலிபுரொப்பிலீனில் சாயம் பற்றும் முனைகள் இல்லை. ஆகவே இம்முறையிலேயே அதற்கு நிறமூட்டுகின்றனர். இன்று வீடுகளில் விரிக்கும் நெகிழிப் பாய் பெரும்பாலும் இவ்வகையைச் சார்ந்தது. அது கோரையின் நெறியை இறுதிவரை கொண்டுசென்ற பொருள் எனலாம்.

தடுப்பின் எல்லைகள்

கறைத்தடுப்பு எல்லாக் கறைகளுக்கும் பொதுவானதன்று. செயற்கைத் துவர் எதிர்மின் தன்மையால் அமிலச் சாயத்தை விலக்குகிறது. மஞ்சளின் குர்குமின் அத்தகைய மின்தன்மையைச் சார்ந்து இழைக்குள் புகுவதில்லை. எனவே அது வேலியைக் கடந்து செல்கிறது. மேலைநாட்டுப் பானத்தை எண்ணி அமைத்த காப்பு, தமிழர் சமையலறையின் மஞ்சளிடம் தோற்கிறது. குர்குமின் ஒளியில் சிதைவது என்பதால், மஞ்சட் கறையை வெயிலில் காயவைத்துப் போக்கும் வழக்கமே இங்கு மிகுதியும் பயன் தருகிறது. பாலிபுரொப்பிலீனோ நீர்க்கறையை விலக்கினும் எண்ணெயை விரும்பிப் பற்றுகிறது.

எண்ணெயையும் விலக்கப் புளோரின் சேர்மங்கள் பயன்பட்டன. 1956இல் சந்தைக்கு வந்த ‘ஸ்காட்ச்கார்டு’ இவற்றுள் புகழ்பெற்றது. இதன் அடிப்படையாக அமைந்த சேர்மம் இயற்கையில் சிதையாமல் உயிரினங்களின் உடலில் தங்குவது தெரியவந்தபின், 2000இல் அதன் உற்பத்தியைக் கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. 2009இல் அச்சேர்மம் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கம்பளத்தில் தங்காத கறை நீரிலும் குருதியிலும் தங்கிற்று.

ஆற்றின் கணக்கு

நூலில் ஏறாத சாயமும் உப்பும் ஆற்றைச் சேர்கின்றன. நொய்யலின் குறுக்கே கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை பாசனத்திற்கு உதவாமல் சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. நீர்க்கழிவை அறவே வெளிவிடாத முறை அதன்பின் கட்டாயமாக வலியுறுத்தப்பட்டது. உழவரின் நிலமும் சாயத் தொழிலாளரின் கூலியும் ஒரே வழக்கின் இரு பக்கங்களில் நின்றன.

உருகிய நிலையில் நிறமி கலக்கும் முறைக்குச் சாயநீர் தேவையில்லை. ஆற்றின் நோக்கில் இது பெரும் நன்மை. ஆயினும் அம்முறையில் சாயத் தொழிலாளிக்கும் இடமில்லை. தேய்ந்த இழை மண்ணில் மக்குவதுமில்லை. கோரைப்பாயோ நிறம் மங்கினும் மண்ணோடு மண்ணாகிறது.

முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. சாயமும் கறையும் ஒரே வினையின் விளைவுகள். சாயத்தை நன்கு ஏற்கும் இழை கறையையும் ஏற்கும் என்பதற்கு ஜமக்காளமும் நைலானும், மறுக்கும் இழை இரண்டையும் மறுக்கும் என்பதற்குக் கோரையும் பாலிபுரொப்பிலீனும் சான்றுகளாகும்.

2. கடுக்காய்த் துவர் முதல் செயற்கைத் துவர் வரை ஒரே தொழில்நெறி தொடர்கிறது. நவீனக் கறைத்தடுப்பை மரபிலிருந்து முற்றிலும் வேறானதாகக் கருதுவது பொருந்தாது.

3. நிறம் இழையின் அகத்தை நோக்கி நகர்ந்த ஒவ்வொரு நிலையிலும் தொழிலறிவு கைவினைஞரை விட்டு விலகியது. நீங்கியதாகக் கருதப்பட்ட கறை ஆற்றிலோ மண்ணிலோ உடலிலோ தங்கியது.

எனவே, ஒரு விரிப்பின் தரத்தை மதிப்பிடும்போது அதன் நிறம் எத்தனை ஆண்டு நிலைக்கும் என்பதோடு, அந்நிறத்தின் எச்சம் எங்குச் சேரும் என்பதையும் அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும். பவானியின் சாயத்தொட்டி முதல் ஜீயபுரத்தின் படித்துறை வரை ஒரே நீர் ஓடுகிறது. அப்படித்துறையில் நின்று நோக்குவோருக்கு இவ்விரு வினாக்களும் ஒன்றே.