பந்தியில் பிறந்த கோட்பாடு

ஞாயிறு பள்ளியில் இரண்டு சொற்களை மனப்பாடம் பண்ணச் சொன்னார்கள். நீதிமானாக்கப்படுதல், பரிசுத்தமாக்கப்படுதல். முன்னது தீர்ப்பு மாதிரி, ஒரே நொடியில் முடிவது: விசுவாசத்தின் பேரில் பாவியைக் குற்றமற்றவன் என்று கடவுள் அறிவித்துவிடுகிறார். பின்னது ஆயுள் முழுக்க நீள்வது: அப்படி அறிவிக்கப்பட்டவன் கொஞ்சங்கொஞ்சமாக அப்படியே ஆகிவருவது. வரிசை மாறினால் கிரியையால் மோட்சம் என்றாகிவிடும், லூத்தர் சண்டை போட்டதே அதற்காகத்தான் என்றார் வாத்தியார். சரிதான். ஆனால் அந்தக் 'கொஞ்சங்கொஞ்சமாக'வுக்குள் எத்தனை தலைமுறை அடங்கும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தரங்கம்பாடி மிஷன் வரலாற்றை வாசித்தபோதுதான் அது உறைத்தது.

1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கும் புளூட்சோவும் ஹாலே பியட்டிச மரபில் வந்தவர்கள். லூத்தரின் கோட்பாடு வெறும் வாய்ப்பாடாக உறைந்துபோனதற்கு எதிரான கலகம்தான் பியட்டிசம். விசுவாசி என்கிறாயே, உன் வாழ்க்கை மாறியிருக்கிறதா, காட்டு என்பது அவர்கள் கேள்வி. அதாவது, பரிசுத்தமாகுதலின் ஆட்கள். அவர்கள் உருவாக்கிய சபையிலேயே சாதிவாரியாக உட்காரும் இடம் பிரிந்தது. 1733இல் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழரான ஆரோன், வெள்ளாளர். தஞ்சைப் பகுதியில் நெடுங்காலம் சபைகளை வளர்த்த உபதேசியார் இராஜநாயக்கன், பறையர். அரசர் படையில் இருந்தவர், வேதத்தைத் தானே வாசித்து மாறியவர். அவருக்குப் பட்டம் கொடுக்கலாமா என்று யோசித்த மிஷனரிகள், அவர் கையால் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் திருவிருந்து வாங்கமாட்டார்கள் என்று விட்டுவிட்டார்கள். அவருடைய விசுவாசத்திலோ நடத்தையிலோ குறை கண்டதால் அல்ல. பரிசுத்தமாக வேண்டியவர்கள் வேறு ஆட்கள். காத்திருக்க வேண்டியவர் மட்டும் இவர்.

நூறு வருஷம் கழித்து, 1833இல், கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் ஆங்கிலிக்கன் சபைகளில் சாதி வேற்றுமையை உடனடியாக விட்டொழிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் வெளியேறினார்கள். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு இன்னும் இறுக்கியது: மற்றச் சாதிக் கிறிஸ்தவரோடு உண்ண மறுப்பவர் சாதியை விட்டவராகார். எதிர்முகாமின் பெரிய குரல் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். 1829லேயே அவர் எழுதத் தொடங்கிவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, அவர் புகாரில் நியாயமும் உண்டு. வேத மொழிபெயர்ப்பைத் திருத்தினார்கள், பூவை விலக்கினார்கள், தமிழ்ச் சங்கீதத்தைத் தடுத்தார்கள் என்கிறார். ஆளும் வெள்ளையரின் கைவரிசை அதில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதே மூச்சில் சாதியையும் அந்தப் பட்டியலில் வைக்கிறார். பூவும் பந்தியும் எப்படி ஒன்றாகும்?

ஆங்கிலிக்கன் சபையில் மனத்தாங்கல் கொண்டவர்கள் பலருக்கு லைப்சிக் லூத்தரன் மிஷன் புகலிடம் ஆனது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் லேசுப்பட்டவர் இல்லை. திருக்குறளை ஜெர்மனுக்குக் கொண்டுபோனவர். அவர் நிலை: சாதி சமூக ஏற்பாடு, அதை விடுவதைச் சட்டமாக்கித் திணிக்கக்கூடாது, சுவிசேஷம் உள்ளிருந்து வேலை செய்ய, அது மெல்லக் கரையும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நீதிமானாக்கப்படுதலைச் சுத்தமாகக் காப்பாற்றுகிற வாதம். சாதியைப் பரிசுத்தமாகுதலின் கணக்கில் எழுதி, அப்புறம் பாத்துக்கலாம் என்று தவணை வாங்கிக்கொள்கிற வாதமும் அதுவே. அவர் மிஷனுக்குள்ளேயே ஓக்ஸ் இதை ஏற்காமல் பிரிந்துபோனார்.

நான் சண்டைபோட விரும்பும் இடம் இது. விசுவாசத்தால் நீதிமானாதல் என்ற பேச்சைப் பவுல் எங்கே எடுக்கிறார்? கலாத்தியர் நிருபம் 2ஆம் அதிகாரத்தில், அந்தியோகியாவில் நடந்த ஒரு பந்தித் தகராறைச் சொல்லும்போது. புறசாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் நைசாக விலகிக்கொள்கிறார். பவுல் எல்லார் முன்னாலும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுகிறார். அந்தக் கோபத்தின் தொடர்ச்சியாகத்தான் கோட்பாடு வருகிறது. தனிமனிதனின் குற்றவுணர்ச்சிக்கு மருந்தாக நாம் வாசிப்பது பிற்கால மேற்கின் பழக்கம், பவுலின் கவலை புறசாதியாரின் இடம் பற்றியது என்று ஸ்டெண்டால் 1963இல் எழுதினார். அவர் சொன்னது தமிழ்ச் சபைக்கு இன்னும் கூர்மையாகப் பொருந்துகிறது. பேதுருவிடம் பவுல், உன் பரிசுத்தம் இன்னும் வளரவில்லை, போகப்போகச் சரியாகும் என்று சொல்லவில்லை. பந்தியிலிருந்து எழுந்தாயே, சுவிசேஷத்தையே விட்டு எழுந்துவிட்டாய் என்கிறார். கடவுள் ஏற்றுக்கொண்டவனோடு நான் உட்காரமாட்டேன் என்பது அந்தத் தீர்ப்பையே ஒப்புக்கொள்ளாதது. அப்படிப் பார்த்தால் சேர்ந்து உண்பது விசுவாசத்தோடு ஒட்டவைத்த கிரியை இல்லை. சேர்ந்து பருகும் பாத்திரத்தில்தான் தீர்ப்பு கண்ணுக்குத் தெரிகிறது.

ஆகவே வில்சன் சரியென்று சொல்லி முடித்துவிடலாமா? அவருக்கும் அது விசுவாசத்துக்குக் கனி காட்டச் சொல்லும் பரீட்சை. மேலிருந்து வைத்த பரீட்சை. பரீட்சை எழுதுகிறவன், ஓடிப்போகிறவன், இடம் கொடுக்கிறவன் என்று எல்லாம் மேல்சாதிக் கிறிஸ்தவனைச் சுற்றியே நடக்கிறது. பின்வரிசையில் இருந்தவன் ஆவணங்களில் பேசப்படுகிறான், பேசுவதில்லை.

1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. நானூறு வருஷத்துக்கும் மேற்பட்ட சண்டை, அடிப்படை உண்மைகளில் ஒருமித்தாயிற்று என்றார்கள். ஒரே பீடத்தில் சேர்ந்து திருவிருந்து எடுப்பது மட்டும் அதற்குப் பிறகும் கூடிவரவில்லை. இராஜநாயக்கனும் கடைசிவரை உபதேசியாராகவேதான் இருந்தார்.