மரணம் குறித்த சட்டமும் பராமரிப்பின் செலவும்: ஒரு வரலாற்றுப் பார்வை



தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் காத்து நிற்கும் குடும்பத்தார் இரண்டு கேள்விகளை ஒருசேரச் சுமக்கிறார்கள். சுவாசக் கருவியை நீக்கச் சம்மதிப்பது மார்க்கத்தில் ஆகுமா என்பது ஒன்று. நாளைய கட்டணத்தை எங்கிருந்து செலுத்துவது என்பது மற்றொன்று. முதற் கேள்வியை ஆலிம்களிடம் கேட்கிறார்கள். இரண்டாவதை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார்கள். நம் நாட்டின் சட்ட வரலாற்றைப் பார்த்தால், இவ்விரண்டையும் பிரிக்க இயலாது என்பது விளங்கும்.

நீதிமன்றம் நடந்து வந்த பாதை

1994 இல் பி. ரத்தினம் வழக்கில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309 ஆம் பிரிவு செல்லாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஈராண்டுகளில், 1996 இல், கியான் கவுர் வழக்கை விசாரித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பை மாற்றியது. வாழும் உரிமைக்குள் சாகும் உரிமை அடங்காது என்பது அதன் முடிவு.

அடுத்து வந்தது அருணா ஷான்பாக் வழக்கு. மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் செவிலியரான அவர், 1973 நவம்பர் 27 அன்று அங்கேயே பணியாற்றிய ஒருவனால் கொடூரமாகத் தாக்கப்பட்டு நினைவிழந்தார். அவருக்கு உணவளிப்பதை நிறுத்த அனுமதி கேட்டு எழுத்தாளர் பிங்கி விரானி 2009 இல் உச்ச நீதிமன்றத்தை நாடினார். செவிலியர்கள் அதனை எதிர்த்தார்கள். 2011 மார்ச் 7 அன்று நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. ஆயினும் உயர் நீதிமன்றத்தின் அனுமதியோடு உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்ளலாம் என்னும் வழியைத் திறந்து வைத்தது. 2015 மே 18 அன்று அருணா இயற்கையாகவே மரணமடைந்தார்.

அத்தனை ஆண்டுகளில் அவருக்குப் படுக்கைப் புண் ஒன்றுகூட வந்ததில்லை என்று தீர்ப்பே குறிப்பிடுகிறது. அது செவிலியர்களின் அன்புக்குச் சான்று. அதே வேளையில், கே.இ.எம். மாநகராட்சி நடத்தும் மருத்துவமனை என்பதையும் நாம் மறக்கலாகாது. ஏறத்தாழ 42 ஆண்டுகள் அவரைக் காத்த படுக்கைக்குப் பொதுப்பணம் செலவாயிற்று. அப்படிப்பட்ட படுக்கை கிடைக்காத குடும்பத்தின் நிலை என்ன?

2018 மார்ச் 9 அன்று, காமன் காஸ் அமைப்பின் வழக்கில், கண்ணியத்தோடு மரணிப்பதும் வாழும் உரிமையின் பகுதியே என்று அரசியல் சாசன அமர்வு அறிவித்தது. தேறவியலா நிலை வந்தால் எச்சிகிச்சை வேண்டாம் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கவும் அனுமதித்தது. 2023 ஜனவரியில் அதன் விதிகள் எளிதாக்கப்பட்டன. நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று போதும். மருத்துவர்களின் இரு குழுக்கள் ஆராய்ந்து முடிவு செய்யும். ஊசி மருந்தேற்றி உயிரைப் போக்குவது மட்டும் அன்றும் இன்றும் குற்றமே.

2024 இல் காசியாபாத்தைச் சேர்ந்த பெற்றோர், பல்லாண்டுகளாக நினைவின்றிக் கிடந்த தம் மகனுக்காக நீதிமன்றம் சென்றார்கள். அவ்வாண்டு நவம்பரில், சிகிச்சைச் செலவை உத்தரப் பிரதேச அரசே ஏற்கும் ஏற்பாட்டை உச்ச நீதிமன்றம் செய்தது. அக்குடும்பம் பின்னர் மீண்டும் நீதிமன்றத்தை நாடியது. எனினும், மரணத்தைக் கேட்டுச் சென்றவர்களுக்குப் பராமரிப்புச் செலவே முதல் விடையாக வந்தது சிந்திக்கத்தக்கது.

மார்க்கத்தின் நிலைப்பாடு

தம்மைத் தாமே மாய்த்துக்கொள்வதை அந்நிஸா அத்தியாயத்தின் 29 ஆம் வசனம் தடுக்கிறது. காயத்தின் வேதனை தாளாமல் உயிரைப் போக்கிக்கொண்டவரைப் பற்றிய நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கை புகாரியில் பதிவாகியுள்ளது. ஆகவே உயிரைப் போக்கும் செயலுக்கு இங்கே இடமில்லை. ஆனால் எல்லாச் சிகிச்சையும் கடமை என்று ஃபகீஹ்கள் கூறவில்லை. வலிப்பு நோயுற்ற பெண்மணிக்குப் பொறுமையையும் துஆவையும் முன்வைத்து, தேர்வை அவரிடமே நபியவர்கள் விட்ட நிகழ்ச்சியை அவர்கள் ஆதாரமாகக் கொள்வர். 1986 இல் அம்மானில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, மூளை முற்றிலும் செயலிழந்ததை மருத்துவர்கள் உறுதிசெய்தால் உயிர்காப்புக் கருவியை அகற்றலாம் என்று முடிவு செய்தது.

பயனற்ற சிகிச்சையை விலக்குவது வேறு. பயனுள்ள சிகிச்சையைப் பணமின்றிக் கைவிடுவது வேறு. பின்னதற்கு மார்க்கத்திலும் அனுமதியில்லை, 2018 தீர்ப்பிலும் அனுமதியில்லை. ஆயினும் "வீட்டுக்கு அழைத்துச் செல்கிறோம்" என்று கையெழுத்திட்டு நோயாளியைக் கொண்டுபோகும் குடும்பங்களை நாம் அறிவோம். அக்கையெழுத்தைப் பல வேளைகளில் இடுவிப்பது கட்டண ரசீதே.

செலவை யார் ஏற்றார்கள்?

இக்கேள்விக்கு நம் முன்னோர் செயலால் விடையளித்தார்கள். உமய்யா கலீஃபா வலீத், தொழுநோயாளிகளுக்கு உதவித்தொகையும், நடக்க இயலாதோருக்குப் பணியாளரும், பார்வையற்றோருக்கு வழிகாட்டியும் ஏற்படுத்தினார். 1284 இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மன்சூரி மருத்துவமனை வக்ஃப் வருமானத்தால் நடந்தது.

எதிர்த்திசையில் செல்லும் கணக்கும் உண்டு. மருத்துவ உதவியுடனான மரணத்தை 2016 இல் சட்டமாக்கிய கனடாவில், அதனால் சுகாதாரச் செலவு எவ்வளவு குறையும் என்பதை நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலர் 2020 இல் கணக்கிட்டு வெளியிட்டார். செலவைக் குறைக்கும் வழியாக இதனைக் கருதலாகாது என்று அவ்வறிக்கையே எச்சரித்தது. எனினும் அப்படியொரு கணக்கு எழுதப்பட்டதே நம்மை விழிக்கச் செய்ய வேண்டும்.

நம் மாநிலத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மாதம் 21,000 ரூபாய்க்குள் ஊதியம் பெறும் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. ஆனால் காப்பீடு மருத்துவமனையில் செய்யும் குறித்த சிகிச்சைகளுக்கானது. வீட்டில் மாதக்கணக்கில் படுத்திருப்பவரைப் புரட்டிப் படுக்கவைப்பதற்கும், புண் கழுவுவதற்கும், வலி தணிப்பதற்கும் அது உதவாது. அக்குறையை ஓரளவு நிரப்ப, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலிநிவாரணப் பராமரிப்பும் சேர்க்கப்பட்டது. கேரளம் இதில் முந்தியது. 1993 இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் தொடங்கிய பணி, மலப்புறம் போன்ற மாவட்டங்களில் தன்னார்வலர்களால் வளர்ந்து, 2008 இல் மாநில அரசின் கொள்கையாயிற்று.

நம் பொறுப்பு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டார ஜமாஅத்துகளில் பைத்துல்மால் உண்டு; வாலிபர்களும் உண்டு. நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்ற முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்று. அதனைப் பழத்தட்டோடு சென்று திரும்புவதாகச் சுருக்கிவிட்டோம். மஹல்லாவில் படுக்கையில் கிடப்போரின் பட்டியல், காப்பீட்டு அட்டை பெற்றுத் தர ஓர் ஆள், பயிற்சி பெற்ற சில சகோதர சகோதரிகள், தகுதியுள்ள ஏழை நோயாளிக்கு ஜகாத்திலிருந்து ஒரு பங்கு: இவை நம் கைக்கு எட்டியவை. குடும்பங்களும் சொத்துக்கான வஸிய்யத்தைப் பேசும்போதே, இறுதிச் சிகிச்சை பற்றிய விருப்பத்தையும் ஆலிமையும் மருத்துவரையும் கலந்து எழுதிவைப்பது நன்று.

மரணத்தின் நேரம் அல்லாஹ்வின் கையில். அதுவரை நோயாளியைத் தனித்து விடாதிருப்பது நம் கையில். நம் நோயாளிகளுக்கு அவன் ஷிஃபாவையும், பராமரிப்போருக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக. ஆமீன்.